ஒளியை மடைமாற்றும் கலை

நுழையும்முன்

இருண்ட அரங்கில் வெண்திரை மீது விழும் படத்தைக் கண்டு மகிழ்கிறோம். அப்படத்தின் கருமையான பகுதிகளில் விழாமற்போன ஒளி எங்கே சென்றது என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்விக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கோவையில் விழுந்த ஒளி

கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான டியுபாண்ட் என்பவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கை அமைத்தார். அப்பெயரைத் தாங்கிய சாலை இன்றும் அந்நகரில் உள்ளது.

அவர் இயக்கிய கருவியின் அடிப்படை எளியது. விளக்கின் ஒளி படச்சுருளின் வழியே செல்லும். சுருளில் கருமை படிந்த இடம் ஒளியைத் தடுக்கும். தெளிந்த இடம் வழிவிடும். பின்னாளில் வந்த வண்ணச்சுருளும் வேண்டாத நிறத்தைத் தடுத்து, வேண்டிய நிறத்தை மட்டுமே அனுப்பியது. ஆகவே, இரவுக்காட்சி ஒன்றைத் திரையிடும்போது விளக்கொளியின் பெரும்பகுதி திரையை அடையாமலே வீணாகிறது.

தடுத்தலும் திருப்புதலும்

கீழ்பவானிப் பாசனத்து உழவர், ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை மாற்றி நீரை அடுத்த பாத்திக்குத் திருப்புவார். ஒளியையும் அவ்வாறு திருப்ப இயலுமா? இயலும் என்று காட்டுகிறது ஹோலோகிராம்.

சிங்காநல்லூர்க் குளத்தில் இரு கற்களை எறிந்தால், முகடும் முகடும் கூடுமிடத்தில் அலை உயரும். முகடும் அகடும் கூடுமிடத்தில் அடங்கும். ஒளியலைகளும் இவ்வாறே குறுக்கிடுகின்றன. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் கபார், இவ்விளைவைக்கொண்டு அலையின் வீச்சையும் கட்டத்தையும் ஒருங்கே பதியும் முறையை 1947இல் கண்டறிந்தார். 1971இல் நோபல் பரிசு பெற்றார். 1960இல் உருவான லேசர், இம்முறைக்கு ஏற்ற ஒளியை அளித்தது. 1966இல் பிரவுன், லோமன் ஆகிய இருவரும் கணினியால் கணக்கிட்ட ஹோலோகிராமை வெளியிட்டனர். எதிரே பொருள் இல்லாமலேயே, அதிலிருந்து வரவேண்டிய அலையைக் கணக்கால் படைக்கும் வழி பிறந்தது.

கணக்கு வரையும் ஓவியம்

கணக்கிட்ட வடிவத்தைத் தாங்குவது ஒளிப்பண்பேற்றி. இதில் திரவப்படிகத்தாலான நுண்கட்டங்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. மின்னழுத்தத்திற்கேற்ப ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் லேசர் ஒளியைச் சிறிதளவு தாமதப்படுத்துகிறது. இத்தாமதங்களின் விளைவாக, திரையில் ஓரிடத்தில் அலைகள் கூடுகின்றன, மற்றோரிடத்தில் அடங்குகின்றன. கருமைப் பகுதிக்குரிய ஒளி அழிவதில்லை. வெளிச்சம் வேண்டிய பகுதிக்கு மடைமாறிச் செல்கிறது.

வண்ணப்படத்திற்குச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று லேசர்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் கணக்கிடப்படுகிறது. மூன்றையும் ஒரே பண்பேற்றியில் அடுத்தடுத்து விரைவாகக் காட்டினால், கண் அவற்றை இணைத்து ஒரே வண்ணப்படமாகக் காண்கிறது.

இம்முறையிலும் குறைகள் உண்டு. திரும்பாத ஒளி, படத்தின் நடுவே வெண்புள்ளியாக நிற்கக்கூடும். லேசர் ஒளி படமெங்கும் நுண்பொட்டுகளைத் தூவும். ஒரே படத்திற்குரிய பல வடிவங்களை விரைந்து காட்டிப் பொட்டுகளைக் குறைக்கின்றனர். இதனால் கணக்கீட்டின் சுமை பன்மடங்காகிறது.

வரைவாளர் ஒருவர் தம் தொழிலுக்குத் தொடர்பில்லாத கருவியைக் கற்று இயக்கியதால் கோவையின் திரையில் ஒளி விழுந்தது. இன்று அக்கருவியின் பணியைக் கணக்கு ஏற்றுக்கொண்டுள்ளது. விலையுயர்ந்த கருவி கைக்கு வருமுன்னரே, அதில் இடவேண்டிய வடிவத்தை ஒரு மாணவர் கணினியில் உருவாக்கிப் பார்க்கலாம். இத்துறையின் முதல் வாயில் ஆய்வகம் அன்று. அலைகளைப் பற்றிய தெளிவே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

அலைநீளம் மிகுந்தால் ஒளி விரியும் கோணமும் மிகும். ஒரே வடிவத்தின்மீது 640 நானோமீட்டர் சிவப்பொளியையும் 450 நானோமீட்டர் நீல ஒளியையும் செலுத்தினால், சிவப்புப்படம் நீலப்படத்தைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு பெரிதாக விழும். மூன்றும் பொருந்துமாறு அளவைக் கணக்கிலேயே திருத்த வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. ஒளியைத் தடுத்துப் படம் காட்டுதல், திருப்பிப் படம் காட்டுதல் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரின் பழைய திரையரங்கு ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரை வரைக.