காய்ச்சலும் வருகைப் பதிவேடும்

தொழிற்சட்டத் தாளில் ஈ.எஸ்.ஐ. என்னும் பகுதியை நம்மில் பலர் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்துவிடுகிறோம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை உள்ள ஆலைகளில் உழைப்போர் நம் மாணவர்களின் அண்ணன்மாரும் அக்காமாருமே ஆவர். நாளை நம்மிற் சிலரும் அந்த வாயில்களில் அடையாள அட்டையுடன் நிற்கக்கூடும். ஆகவே, நோயுற்ற தொழிலாளி விடுப்பெடுப்பதையும், குணமாகி மீள்வதையும் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய விழைகிறேன்.

பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையை அடியொற்றி 1948இல் இச்சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் கோவைக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பெற்றிருப்பினும், திட்டம் தொடர்கிறது. தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். ஆறு மாதத்தில் 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நெடுநோய்களுக்கு 80 விழுக்காடு உண்டு. பயிற்சியாளர் சட்டத்தின்கீழ்ச் சேர்ந்தவர்களுக்கு இவை எதுவுமில்லை.

நெடுநோய்க்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கு நாள் காய்ச்சலுக்கு? மாதம் 18,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 600 ரூபாய். முதல் இரண்டு நாட்கள் காத்திருப்புக் காலம், பணம் கிடையாது. அடுத்த இரண்டு நாட்களுக்கு 420 வீதம் 840 ரூபாய். இழந்தது 2,400, ஆக, கைநட்டம் 1,560. பல ஆலைகளில் வருகை ஊக்கத்தொகையும் போய்விடும். மருந்தகத்தில் வரிசையில் நின்று சான்று வாங்கும் அலைச்சல் வேறு. இக்கணக்கைத் தொழிலாளி நம்மைவிட விரைவாகப் போட்டுவிடுகிறார். மாத்திரையை விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகிறார். பேருந்தில் அருகில் அமர்ந்தவருக்கும் காய்ச்சல் தொற்றுகிறது. சோம்பலால் விடுப்பெடுப்பவரைப் பற்றியே நிர்வாகவியல் நூல்கள் பெரிதும் பேசுகின்றன. நோயுடன் வருபவரைப் பற்றியும் பேசினால் நன்று.

விடுதியில் தங்கியிருப்போர் நிலை இன்னும் கடினம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12இல்தான் மீண்டும் திறந்தது. உணவும் இருப்பிடமும் கெட்டிருந்தமையே மூலகாரணம். எனினும், யார் எந்த மருத்துவமனையில், எந்நிலையில் இருக்கிறார் என்று உடனிருந்தோருக்கு உடனுக்குடன் தெரிந்திருப்பின் அவ்வதந்திக்கு இடமிருந்திராது என்பது என் கருத்து. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அத்தகைய இடங்களில் நோயுற்றவர் பெயரைக் குறித்துவைத்து, நாள்தோறும் விசாரிக்க ஓர் ஆள் இருத்தல் வேண்டும்.

இனி, திரும்பி வருவது. ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் இறுதிச் சான்று, இன்ன நாள் முதல் பணிக்குத் தகுதியுடையவர் என்று கூறும். அதற்கு முந்திய நாள் வரை அவர் தகுதியற்றவர்! உடலோ அவ்வாறு ஒரே இரவில் மாறுவதில்லை. இங்கிலாந்தில் 2010 முதல் மருத்துவர், “சில மாற்றங்களுடன் பணி செய்யலாம்” என்றும் எழுதலாம். குறைந்த நேரம், படிப்படியான தொடக்கம், வேறு வேலை என்று குறித்தும் தரலாம். செருமனியில் ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயுற்றவரை அழைத்துப் பேச முன்வருவது 2004 முதல் முதலாளியின் கடமை.

நம் ஆலைகளில் மேற்பார்வையாளர் இரக்கமற்றவர் என்று நான் கூறவில்லை. ஓடும் வரிசையில் ஒவ்வோர் இருக்கைக்கும் நொடிக்கணக்கு உண்டு. டெங்குவிலிருந்து மீண்ட ஒருவர் சற்றுத் தளர்ந்தால் வரிசை முழுதும் தேங்கும். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் விடை சொல்ல வேண்டியவர் அவரே. ஆகவே இது தனிமனிதர் கருணைக்கு விடத்தக்கதன்று. ஐம்பது பேர் வரிசைக்கு ஒரு மாற்றாள் கூடுதலாக இருந்தால், மீண்டு வந்தவரை இரண்டு வாரம் உட்கார்ந்து செய்யும் சோதனை வேலையில் வைக்கலாம். அம்மாற்றாளின் ஊதியம் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது வரிசையின் கூலிச் செலவில் 2 விழுக்காடு.