ஓட்ஸ் ஜாம் பார்: ஈரம்தான் விஷயம்

ஓட்ஸ் ஜாம் பார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது சர்க்கரை எவ்வளவு என்றுதான். நான் ஈரத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். அடியில் ஓட்ஸ் கலவை, நடுவில் ஜாம், மேலே அதே கலவையை உதிர்த்துத் தூவி பேக் செய்வது, பண்டம் அவ்வளவுதான். ஜாமில் இருக்கும் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

8 அங்குலச் சதுரத் தட்டுக்கு ஓட்ஸ், மைதா, வெண்ணெய் தலா 125 கிராம், நாட்டுச்சர்க்கரை 100 கிராம், ஜாம் 250 கிராம், சமையல் சோடா கால் டீஸ்பூன். வெண்ணெய் உப்புப் போட்டதாக இருந்தால் வேறு உப்பு வேண்டாம். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு சேர்க்கலாம். முழுக்கக் கோதுமை என்றால் தவிடு ஈரத்தை இழுத்துக்கொண்டு பார் வறண்டுவிடும்.

ஓட்ஸில் ரோல்டு ஓட்ஸ்தான் வாங்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லிசாக நசுக்கப்பட்டது, ஜாமின் ஈரம் பட்டதும் குழைந்துவிடும். ஸ்டீல்கட் இந்தச் சூட்டில் வேகவே வேகாது. ரோல்டு ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். சூடாகச் சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும். வெண்ணெய் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு துண்டு போட்டதாக இருக்க வேண்டும். உள்ளங்கை படாமல் விரல் நுனியால் பிசறினால் புட்டு மாவுப் பதம் வரும்: பிடித்தால் பிடிபடும், தட்டினால் உதிரும். சித்திரை வெயிலில், பிசறிய மாவையே ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்துவிடுவேன்.

இனி ஜாம். “கடை ஜாமே போட்டா ஆகாதாக்கா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். தாராளமாக ஆகும். கெட்டியாக இருப்பதால் ஒழுகாது. ஆனால் இனிப்பு தூக்கல், அதனால் மாவில் நாட்டுச்சர்க்கரையை 70 கிராமாகக் குறைத்து, ஜாமில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்துவிடச் சொன்னேன். இருந்தாலும் என் மனசு வீட்டு ஜாமில்தான். கொய்யாவில் பெக்டின் நிறைய, அதனால் சீக்கிரம் இறுகும். வேகவைத்த பழத்தை வடிகட்டி விதையை நீக்கிவிட வேண்டும். மலைப்பக்கத்து பிளம்ஸ் வரும் காலத்தில் அதை விடவே மாட்டேன். ஓட்ஸின் மந்தமான ருசியை அந்தப் புளிப்புதான் தூக்கி நிறுத்தும். மாம்பழத்திலும் அன்னாசியிலும் பெக்டின் குறைவு. கூடவே கொஞ்சம் கொய்யாக் கூழ் சேர்த்துக் காய்ச்சினால் பிடித்துக்கொள்ளும்.

பதம் பார்க்க ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்திருங்கள். ஒரு சொட்டு ஜாமை அதில் விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸ். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்த எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. அங்கே தண்ணீரே 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கும். அந்தக் கொதிநிலைக்கு மேல் நாலைந்து டிகிரி என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

தட்டில் பட்டர் பேப்பரை இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரித்து, மாவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொட்டி டபராவின் அடியால் அழுத்துங்கள். முன்பே சூடேற்றிய அவனில் 180 டிகிரியில் 15 நிமிடம் இதை மட்டும் பேக் செய்ய வேண்டும். பலரும் தாண்டிப் போகும் வேலை இது. பச்சை மாவின் மேல் ஜாமைத் தடவினால் அடிப்பாகம் சவசவவென்றே நின்றுவிடும்.

ஜாமை ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தடவுங்கள். ஓரத்துக்கு வழிந்த ஜாம் கருகும். மீதி மாவைத் தூவி இன்னும் 25 நிமிடம். ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி சீக்கிரம் சிவக்க வைத்தால் ஃபாயில் போட்டு மூடலாம். உதிரிகளின் இடுக்கில் ஜாம் பெரிய குமிழாக எழுந்து, சோம்பலாக உடையும். நுரை நுரையாகப் பொங்கினால் தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், ஐந்து நிமிடம் விடுங்கள்.

அவனிலிருந்து எடுத்ததும் வெட்டக் கூடாது. பெக்டின் ஆற ஆறத்தான் இறுகும். இரண்டு மணி நேரம் வெளியே, பிறகு அரை மணி ஃபிரிட்ஜில். குழந்தைகள் கிச்சன் வாசலில் நின்றாலும் நான் இளகுவதில்லை. பேப்பரோடு தூக்கி, நீளக் கத்தியை அறுக்காமல் நேராக அழுத்தி வெட்டினால் ஓரம் சிதறாது.

சென்னை மாதிரி கடலோரக் காற்றில் மறுநாளே மொறுமொறுப்பு போய்விடும். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் திரும்பிவிடும். ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் ஜாமை இன்னும் ஒரு பதம் கூட்டிக் காய்ச்சி, பார்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.