வீட்டில் முதல் கண்ணாடி மீன் தொட்டி

உழவர் வீடுகளில் வண்ண மீன் வளர்க்கும் ஆர்வம் பெருகி வருகிறது. குழந்தைகளின் விருப்பத்திற்காகத் தொட்டி வாங்குவோர் ஒரு சாரார். சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன் உற்பத்தி குடும்பத் தொழிலாக நடப்பதைக் கண்டு, தாமும் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டலாம் என எண்ணுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் முதலில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியை முறையாக அமைத்துப் பழகுவது நலம். அதில் போகும் சிறு செலவு, பின்னர் கடன் வாங்கிக் கட்டும் தொட்டிகளில் பெரும் நட்டத்தைத் தவிர்க்கும்.

"தொட்டி புதியது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, தீனியும் போடுகிறோம், ஆயினும் பத்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து விடுகின்றனவே, ஏன்?" என்று பலரும் கேட்கின்றனர். இதற்கான விடை, நம் வயல் மண்ணில் அன்றாடம் நடக்கும் ஒரு செயலில் இருக்கிறது.

தண்ணீரிலும் நடக்கும் தழைச்சத்து மாற்றம்

வயலில் இடும் யூரியா முதலில் அம்மோனியா வடிவத்திற்கு வருகிறது. பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், அதன் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் தொட்டியிலும் இதுவே நடக்கிறது. மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகின்றன; கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சே, அது இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. நைட்ரேட் மிகுந்து போகாதவரை பெரிய கேடு இல்லை.

வயல் மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. கழுவித் துடைத்த புதுத் தொட்டியில் அவை பெயரளவிற்கே இருக்கும். அவை சரளையிலும் வடிகட்டியிலும் பற்றிப் பெருக 3 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டால், தண்ணீர் பளிங்கு போல் இருந்தாலும் மீன்கள் தம் கழிவாலேயே மடியும்.

தண்ணீரின் கார அமில நிலையும் இதில் முக்கியம். சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில் மேலாக இட்ட யூரியா அம்மோனியா வாயுவாக வீணாவதை உழவர்கள் அறிவர். அதே போல் 25 டிகிரி செல்சியசு வெப்பத்தில், கார அமில நிலை 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் 100-க்கு 0.6 பங்கு அளவே நச்சு வடிவில் இருக்கும். கார அமில நிலை 8 ஆனால் அது 5 பங்கிற்கு மேல் போகும். ஆகவே உவர்ப்பான கிணற்று நீர் உள்ள ஊர்களில் கூடுதல் கவனம் தேவை.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டியே பழகுவதற்கு எளிது என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறையக் குறைய அதன் தன்மை விரைவில் கெடும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 5 மி.மீ. கண்ணாடி கொண்ட தொட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. சரளை இட்டு 25 செ.மீ. உயரம் நிரப்பினால் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் கொள்ளும். மொத்த எடை சுமார் 60 கிலோ. எனவே உறுதியான மேடையில், ரசமட்டம் பார்த்து, அடியில் தெர்மாகோல் தகடு விரித்து வைக்க வேண்டும்.

நேர் வெயில் படும் சன்னல் ஓரம் கூடாது. வெயிலில் பாசி படரும், தண்ணீரும் சூடாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம் மட்டுமே கரையும். கோடையில் மீன் மேலே வந்து வாய் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூச்சிமருந்து, தெளிப்பான் வைக்கும் அறையில் தொட்டியை வைக்கவே கூடாது. பைரித்திராய்டு வகை மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசு விரட்டிகள் பலவற்றிலும் இவ்வகை மருந்தே உள்ளது. மருந்து கலக்கிய வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். வயலிலிருந்து வந்தவர் சோப்பிட்டு நன்கு கைகழுவி அலசிய பின்னரே தொட்டியில் கை வைக்க வேண்டும்.

அமைக்கும் முறை

1. 3 முதல் 5 மி.மீ. அளவுள்ள ஆற்றுச் சரளை 10 கிலோ அளவு எடுத்து, கழுவிய நீர் தெளியும் வரை அலசவும். சுக்கான் கல் கலந்துள்ளதா என அறிய, சில கற்களில் வினிகர் விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். அதைத் தவிர்க்கவும்.

2. சரளையை 4 செ.மீ. கனத்திற்குப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றவும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் 2 நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஆழ்குழாய் நீரில் உயிர்வளி குறைவு; அதையும் ஒரு நாள் வைத்துக் கலக்கிவிட்டு ஊற்றவும். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரை ஆய்வு செய்வது போலவே இந்நீரையும் கொடுத்து, கார அமில நிலையை அறிந்து கொள்ளலாம்.

3. பஞ்சு வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் பொருத்தி, இரவும் பகலும் ஓட விடவும். பம்பைத் தண்ணீர் மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்வாங்கிப் பம்பில் இறங்கும். தண்ணீரில் கை வைக்குமுன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.

4. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற நீர்ச்செடிகளை நடவும். இவை அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக எடுத்துக்கொள்ளும். ஏரியில் எடுத்த செடியாயின், இளஞ்சிவப்பு நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 10 நிமிடம் வைத்து அலசி நடவும். அட்டையும், மீன்குஞ்சைத் தின்னும் தும்பிப் புழுவும் இவ்வாறு பெரும்பாலும் நீங்கும்.

உறைமோர் இடுதல்

பாலைத் தயிராக்க உறைமோர் இடுவது போல, நன்கு நடந்து வரும் பழைய தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு ஒன்றையோ, இரு கைப்பிடி சரளையையோ ஈரம் காயாமல் கொண்டு வந்து புதுத் தொட்டியில் இட்டால் நுண்ணுயிர் விரைவில் பெருகும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று உறுதி செய்து கொள்ளவும்.

மீன் இல்லாத நிலையிலேயே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி இட்டு வரவும். அது அழுகி வெளியிடும் அம்மோனியாவே நுண்ணுயிருக்கு உணவு. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கருவியால் வாரம் இருமுறை பார்க்கவும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். நாள்தோறும் தீனி இட்டும் இரண்டும் இல்லாத நிலை வந்தால் தொட்டி பக்குவமாகி விட்டது. பெருமளவு தண்ணீரை மாற்றி, மீன் விடலாம்.

எந்த மீன், எத்தனை?

கப்பி, பிளாட்டி, மோலி ஆகிய குட்டியிடும் மீன்கள் கடின நீரைத் தாங்குவதால் நம் கிணற்று நீருக்கு ஏற்றவை. முதலில் கப்பி அல்லது பிளாட்டி 4 மட்டும் விடவும். இரு வாரம் கழித்து, நைட்ரைட் இல்லையெனில் மேலும் 4 விடலாம். 40 லிட்டருக்கு இத்தகைய சிறு மீன் 10 முதல் 12 வரை போதும். ஒரு ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்ற விகிதம் நல்லது. கப்பி ஏறக்குறைய 4 வாரத்திற்கு ஒருமுறை குட்டியிடும். பெருக வேண்டாம் என்போர் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கலாம்.

தங்கமீன் இத்தொட்டிக்கு ஆகாது. அது 15 செ.மீ.-க்கு மேல் வளரும், கழிவும் மிகுதி. ஆண் ஃபைட்டர் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும்.

மீன் வந்த பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்க விடவும். பின் பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக 20 நிமிடம் சேர்க்கவும். வலையால் மீனை மட்டும் எடுத்து விடவும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. உடலில் வெண்புள்ளி உள்ள மீனையும், துடுப்பை மடக்கி ஒதுங்கி நிற்கும் மீனையும் வாங்க வேண்டாம்.

தீனியும் பராமரிப்பும்

கெண்டை வளர்ப்புக் குளத்தில் சாணமும் புண்ணாக்கும் தவிடும் இடுவது வழக்கம். கண்ணாடித் தொட்டியில் இவை தண்ணீரைக் கெடுக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு தீனியை நாளுக்கு இருமுறை இட்டால் போதும். வாரம் ஒரு நாள் தீனி இடாவிட்டாலும் கேடில்லை.

வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றவும். வடிகட்டிப் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவ வேண்டும். குளோரின் உள்ள குழாய் நீரில் கழுவினால், பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர் மடியும். எடுத்த நீரைக் கறிவேப்பிலைக்கும் பூச்செடிக்கும் ஊற்றலாம். அதில் நைட்ரேட் உள்ளது.

மீன்கள் மேலே வந்து திணறினால் தீனியை நிறுத்தி, வைத்திருந்து பக்குவமான தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, காற்றைக் கூட்டவும். நைட்ரைட் காணப்பட்டால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுவது, நைட்ரைட் செவுள் வழியே உட்புகுவதைக் குறைக்கும்.

ஏரியில் விடாதீர்கள்

வளர்க்க முடியாத மீனைக் கிணற்றிலோ ஏரியிலோ விடுவது புண்ணியம் எனச் சிலர் கருதுகின்றனர். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டிகளிலிருந்து வெளியேறிய இம்மீன் இன்று நம் நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, கரைகளில் வளை தோண்டி, நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கிறது. ஒருமுறை பெருகிவிட்டால் அதை ஒழிப்பது அரிது. வேண்டாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்து விடுங்கள். குளமும் ஏரியும் ஊர்ப் பொதுச் சொத்து.

முதல் தொட்டியை ஆறு மாதம் சீராக நடத்தியவர், சிமெண்டுத் தொட்டி கட்டத் தகுதி பெறுகிறார். அப்போது அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ மீன்வளத் துறை அலுவலரையோ அணுகிப் பயிற்சி பற்றிக் கேட்டறியலாம். அதுவரை தீனியைக் குறைத்து, மீனைக் குறைத்து, பொறுமையைக் கூட்டுங்கள்; மீன்கள் பிழைக்கும்.