தாமிரபரணி நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முறை

பாபநாசத்துக்கு மேலே பாறைகளில் மோதி இறங்கும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை நிறைய ஏற்றுக்கொள்ளும் தாமிரபரணி, திருநெல்வேலியில் சாக்கடை கலக்கும் இடங்களில் அதை இழக்கிறது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தம் சுவாசத்துக்கு அதைச் செலவழித்துவிடுவதே காரணம். இந்த இழப்பை எண்ணால் அறிய, ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறை இன்றும் நம்பத்தக்கது. வினைபொருள், அதாவது ஒரு வேதிவினையை நிகழ்த்துவதற்காகவோ ஒரு பொருளை அடையாளம் காண்பதற்காகவோ சேர்க்கப்படும் பொருள், ஒவ்வொன்றும் தனக்குரிய வரிசையில் வந்தால்தான் பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கல்லூரி ஆய்வகத்தில் அரிது.

முதலில் கரைசல்களைத் தயாரிக்க வேண்டும். ஒற்றை நீரேற்ற மாங்கனீசு சல்பேட் 364 கிராமைக் கரைத்து 1 லிட்டராக்குவது முதற்கரைசல். சோடியம் ஹைட்ராக்சைடு 500 கிராமையும் சோடியம் அயோடைடு 135 கிராமையும் குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, தனியே 40 மி.லி. நீரில் கரைத்த 10 கிராம் சோடியம் அசைடைச் சேர்த்து 1 லிட்டராக்குவது இரண்டாவது. சாக்கடை நீரில் இருக்கும் நைட்ரைட்டு தானும் அயோடினை விடுவித்து அளவை உயர்த்திக் காட்டும் என்பதால், அதை அழிக்கவே அசைடு சேர்க்கப்படுகிறது. அசைடு கொடிய நஞ்சு. செம்பு, ஈயக் குழாய்களில் தங்கினால் வெடிக்கும் உப்புகளாக மாறும். ஆகவே அது கலந்த கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்துவைக்க வேண்டும். ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் தயோசல்பேட் 6.205 கிராமை 1 லிட்டரில் கரைத்தால் 0.025 நார்மல் கரைசல் கிடைக்கும். நாள்பட அதன் வலிமை குறைவதால், பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு அதை அவ்வப்போது சரிபார்ப்பது கட்டாயம்.

இம்முறையில் பிழை பெரும்பாலும் ஆய்வகத்தில் அன்றி ஆற்றங்கரையிலேயே நேர்கிறது. குறுக்குத்துறை போன்ற படித்துறையில் மாதிரி எடுப்பவர், குளிப்போருக்கு மேற்புறமாக நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, 300 மி.லி. கண்ணாடிக் குப்பியைச் சாய்த்து நீருக்குள் அமிழ்த்தி, சலசலப்பின்றி மெல்ல நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்காதவாறு மூட வேண்டும். அங்கேயே குப்பியைத் திறந்து, பிப்பெட்டின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இரு கரைசல்களிலும் முறையே 1 மி.லி. விட்டு, மீண்டும் மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்க்க வேண்டும். முதலில் உண்டாகும் வெண்மையான மாங்கனீசு ஹைட்ராக்சைடை நீரிலுள்ள ஆக்சிஜன் பழுப்பாக்குகிறது. வீழ்படிவு வெண்மையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பழுப்புத் துகள்கள் அடியில் படிந்து மேற்பாதி தெளிந்தபின், ஒருமுறை மீண்டும் கலக்கிப் படியவிட்டு, 1 மி.லி. அடர் கந்தக அமிலத்தைக் கவனமாகச் சேர்த்தால், வீழ்படிவு கரைந்து, ஆக்சிஜனின் அளவுக்கு ஏற்ற அயோடின் வெளிப்பட்டு, நீர் மஞ்சட்பழுப்பாகும்.

வெயில் படாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுசென்ற மாதிரியில் 201 மி.லி.யைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டை விட வேண்டும். அந்த மிகை 1 மி.லி., முன்னர் சேர்த்த கரைசல்கள் வெளியேற்றிய நீருக்கு ஈடு. நிறம் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்தபின்னரே ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். முன்கூட்டிச் சேர்த்தால் அடர்ந்த அயோடின் ஸ்டார்ச்சோடு இறுகப் பிணைந்து முடிவுநிலை மங்கிவிடும். ஸ்டார்ச் தரும் நீலம் முதன்முறை மறையும் துளியே முடிவுநிலை. சற்று நேரத்தில் நீலம் திரும்பினாலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது. செலவான தயோசல்பேட் எத்தனை மி.லி.யோ, லிட்டருக்கு அத்தனை மி.கி. ஆக்சிஜன்.

கடல்மட்ட அழுத்தத்தில் 30 டிகிரி செல்சியஸில் தூய நீர் தாங்கக்கூடியது லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மி.கி. மட்டுமே என்பதால், மாதிரி எடுத்தவுடனே நீரின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். குளிக்கத் தகுந்த நீருக்கு இந்தியாவில் வகுக்கப்பட்டுள்ள கீழ்வரம்பு 5 மி.கி. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைப் பெருக்கி மாசை மறைத்துவிடும்; எனவே பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய மூன்று இடங்களையும் ஒப்பிட விரும்புவோர், ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் விடியற்காலையிலேயே, மூன்றிலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.