மா பூக்கும்போதே இணையதளம் தயாராகட்டும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மலையடிவாரத் தோப்பு வைத்திருப்போர் பலர், பூ எடுத்த நிலையிலேயே தோப்பை வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிடுகின்றனர். பழத்தை நேரடியாக விற்க எண்ணி இணையதளம் துவக்குவோரோ, காய் இறக்கும் சித்திரையில்தான் அதைத் திறக்கின்றனர். இது காலங்கடந்த வேலை. புதிய தளத்தைக் கண்டறிந்து பட்டியலில் சேர்க்க கூகுளுக்குச் சில நாட்களும் ஆகலாம். பல வாரங்களும் ஆகலாம். அதற்குள் பருவம் முடிந்துவிடும். மார்கழி, தையிலேயே தளத்தைத் திறந்துவிடுவது நல்லது.

முதலில், வாங்குபவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார் என்று யோசிக்க வேண்டும். "எங்கள் தோப்பு" என்று யாரும் தேடுவதில்லை. "ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம்", "கார்பைடு கல் வைக்காத மாம்பழம்" என்றுதான் தேடுவர். அச்சொற்கள் பக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இயல்பாக வர வேண்டும். ஒரே சொல்லை இருபது முறை திணித்தால் பலனில்லை, கெடுதலே. ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆங்கிலத்தில் சிலர் இரண்டு 'டி' போட்டு எழுதுகின்றனர், சிலர் 'டி.எச்.' போடுகின்றனர். தமிழிலும் 'திருவில்லிபுத்தூர்' என்பார் உண்டு. வழக்கிலுள்ள எழுத்துகள் ஓரிரு இடத்திலாவது இருக்கட்டும்.

சப்பட்டைக்கு ஒரு பக்கம், பஞ்சவர்ணத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியே வைக்கலாம். கிலோ விலை, பெட்டி எடை, எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள், எந்த ஊர்களுக்குப் பார்சல் போகும் என்பவற்றை எழுத்தில் தர வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டால் தேடுபொறி அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. தோப்புப் படங்களைச் சுருக்கிப் போடவும். பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். திறக்கத் தாமதமானால் போய்விடுவர்.

இனி, அடிக்கடி நேரும் ஒரு பிழை. தளம் கட்டும்போது, அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாம் என்று தேடுபொறியைத் தடுத்து வைப்பது வழக்கம். வேர்ட்பிரஸில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. திறக்கும் நாளில் அந்தக் குறியை எடுக்க மறந்தால், எத்தனை மாதமானாலும் தளம் தேடலில் வராது. கட்டிக் கொடுத்தவரை உடன் வைத்துக்கொண்டே இதைச் சரிபார்க்கவும்.

புதிய தளத்துக்கு வேறு தளங்களிலிருந்து இணைப்பு இராது. ஆகவே கூகுள் தானாக வந்து காண்பது கடினம். 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான 'சைட்மேப்'பைத் தர வேண்டும். கூகுள் வரைபடத்தில் தோப்பையோ விற்பனை இடத்தையோ பதிவதற்கும் கட்டணமில்லை.

"பணம் கொடுத்தால் முதலிடம் உறுதி" என்று வருவோரை நம்ப வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர இயலாது என்று கூகுளே எச்சரிக்கிறது. தள முகவரியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்து, புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வைக்கவும்.

பருவம் முடிந்ததும் பக்கங்களை அழிக்கக் கூடாது. "இவ்வாண்டு விற்பனை முடிந்தது, அடுத்த சித்திரையில் கிடைக்கும்" என்று எழுதி, அதே முகவரியில் விட்டுவைக்கவும்.