சாட்டையின் நுனியில் தொழிற்சாலை

மாணவர்களே, கைக்குழந்தைகளுக்கு வாரந்தோறும் தேவைப்படும் டயப்பர்களின் எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. ஆனால், 'பெம்பர்ஸ்' தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பல் நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் பெரிதும் ஏறி இறங்கின. ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடை, மொத்த வியாபாரி, தொழிற்சாலை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 100 பெட்டி இருப்பு உள்ளது. அந்தந்த வாரம் தம்மிடம் எத்தனை கேட்கப்பட்டதோ, வார இறுதியில் அத்தனை இருப்பு வைப்பது மூவரின் விதி. கேட்ட சரக்கு அதே வாரம் வந்துவிடும்.

வாரம் 100 பெட்டி விற்ற கடையில் இப்போது 110 விற்கிறது. விற்றதற்கு ஈடாக 110, இருப்பை உயர்த்த 10. ஆக, கடை 120 கேட்கிறது. அதே விதிப்படி மொத்த வியாபாரி 140 கேட்கிறார். தொழிற்சாலையோ 180 தயாரிக்கிறது! மறுவாரமும் விற்பனை 110தான். ஆனால் மொத்த வியாபாரி 100 மட்டுமே கேட்பார்; உற்பத்தி 60ஆகச் சரியும். ஒரு வாரம் கூடுதல் நேர வேலை, மறுவாரம் இயந்திரங்கள் சும்மா நிற்கும்.

கை லேசாக அசைந்தாலும் சாட்டையின் நுனி வேகமாக வீசும் அல்லவா? அதனால் இது 'சாட்டை விளைவு' எனப்படுகிறது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1958இலேயே இத்தகைய ஏற்ற இறக்கத்தை விளக்கினார்.

தீர்வு என்ன? கடையின் உண்மையான விற்பனையை மூவரும் அறிந்து, ஒவ்வொருவரும் 110 பெட்டி மட்டும் இருப்பு வைக்கத் திட்டமிட வேண்டும். அப்போது உற்பத்தி முதல் வாரம் 140, மறுவாரம் 110. யாரும் தவறு செய்யாமலேயே வந்த குழப்பம், தகவலைப் பகிர்ந்ததால் தணிகிறது.

செய்து பாருங்கள்: டயப்பருக்கு மரக்கூழ் தரும் ஆலையை நான்காவதாகச் சேருங்கள். பழைய விதிப்படி, இரண்டாம் வாரம் அந்த ஆலை எவ்வளவு தயாரிக்கும்?