குடலினுள் வாழும் குடிகள்

நான் விஞ்ஞானம் கற்பித்த வகுப்பொன்றில் மாணவன் ஒருவன் எப்பொழுதும் வாயிலை அடுத்த இருக்கையையே நாடுவான். ஒரு பாடவேளையில் இருமுறை, மும்முறை வெளியே செல்ல அனுமதி கேட்பான். பாடத்தில் மனமில்லாதவன் என்றெண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். ஈராண்டுக் காலம் அவனுக்கு வயிற்றுளைவு என்றும் மூலம் என்றும் மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. உடல் மெலிந்து, பரீட்சையும் தவறிய பின்னரே அவனைப் பற்றியிருந்தது பெருங்குடற் புண்ணழற்சி என்பது தெரியவந்தது. அன்று நான் அறியாதிருந்ததை இன்று மாணவரும் பழைய மாணவரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று என்று கருதியே இக்கட்டுரையை வரையலானேன்.

குடலழற்சி நோய் என்னும் பொதுப்பெயரால் முக்கியமாக இரு நோய்கள் குறிக்கப்படும். ஒன்று பெருங்குடற் புண்ணழற்சி. இது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்படலத்தைப் பற்றி மேனோக்கிப் படர்வது. மற்றையது குரோன் நோய். 1932 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர வைத்தியர் குரோனும் அவர்தம் தோழர் இருவரும் இதனை விவரித்தனர். இது வாய் முதற் குதம் வரை எவ்விடத்தும் தோன்றலாம். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவலாம். இரண்டும் பெரும்பாலும் இளமைப் பருவத்திலே தலைகாட்டி, தணிந்தும் மீண்டும் மூண்டும் பல்லாண்டு தொடர்வன. இவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவன அல்ல.

இந்நோய்களின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு நமது குடலினுள் வாழும் நுண்ணுயிர்களை முதலில் அறிதல் வேண்டும். மனிதனொருவனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன எனவும், உடற்கலங்களின் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் கோடியே எனவும் 2016 இல் வெளியான கணிப்பொன்று கூறும். அப்பற்றீரியாக்களுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே உள்ளன. அவை வாளாவிருந்து உண்பன அல்ல. நாம் சமிக்க இயலாது விட்ட நார்ப்பொருளையும் மாப்பொருளையும் நொதிக்கச் செய்து, பியூற்றிரிக் அமிலம் முதலியவற்றை ஆக்கித் தருகின்றன. பெருங்குடற்சுவரின் கலங்களுக்கு அவ்வமிலமே தலையாய உணவு. நோயெதிர்ப்பைத் தணித்து வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை உவமையால் விளக்குதல் எளிது. பற்றீரியாக்கள் வந்து தங்கும் கப்பல்கள், குடற்சுவர் கரை. இரண்டுக்கும் இடையிலே கிடக்கும் நீர்ப்பரப்பைப் போன்றது குடலின் சீதப்படலம். கரையிலே நிற்கும் காவலர் நோயெதிர்ப்புக் கலங்கள். நற்குடலிலே காவலர் நட்புக் கப்பலை நட்பென அறிந்து அமைதியாயிருப்பர். குடலழற்சியிலோ சீதப்படலம் நலிய, பற்றீரியாக்கள் சுவரை நெருங்க, காவலர் நண்பனையும் பகைவனெனக் கொண்டு ஓயாது சுடுகின்றனர். அச்சூட்டிலே சிதைவது கரையே. கரை சிதையச் சிதையக் காவலரின் பதற்றமும் மிகுகின்றது.

இதற்குச் சான்று உண்டோவெனின், உண்டு. நோயெதிர்ப்பைத் தணிக்கும் மரபணு ஒன்று நீக்கப்பட்ட எலிகள் சாதாரண சூழலில் வளரும்போது குடலழற்சி அடைகின்றன. நுண்ணுயிர் அறவேயில்லாத கூண்டில் வளரும்போது அடைவதில்லை. பெல்ஜியம் நாட்டு லுவென் நகர வைத்தியர் 1991 இல் மற்றொன்றைக் காட்டினர். குரோன் நோயாளர் சிலரின் குடலை வெட்டி இணைத்த பின்னர், கழிவு அவ்விணைப்பை அடையாதவாறு வேறு வழியால் வெளியேற்றியபோது அங்கே அழற்சி மீளவில்லை. பழைய வழியைத் திறந்தபின் மீண்டது. 2008 இல் பிரான்சு நாட்டார் வெளியிட்ட ஆய்வின்படி, பியூற்றிரிக் அமிலத்தை ஆக்கும் பற்றீரியா இனமொன்று குறைந்திருந்தோரிடத்துச் சத்திரசிகிச்சையின் பின் நோய் மீளுதல் மிகுதியாயிருந்தது. எனினும் நுண்ணுயிர்க் குலைவு நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பரம்பரைக்கும் இந்நோயிற் பங்குண்டு. ஆயின் பரம்பரை மட்டும் போதாது. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் எட்டிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வின்படி, ஆசியப் பகுதிகளில் ஓராண்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 1.4 பேர் புதிதாக நோயுற்றனர். அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 24 பேர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைப் பற்றி 2015 இல் வெளியான ஆய்வு நம்மவர் சிந்திக்கற்பாலது. தென்னாசியாவிலிருந்து குடியேறியோரிடத்து நோய் குறைவாயிருந்தது. அங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளிடத்தோ அந்நாட்டு மற்றைப் பிள்ளைகளுக்கு ஒப்பாயிருந்தது. ஒரு தலைமுறையில் இரத்தம் மாறுவதில்லை. மாறுவன உணவும் சூழலுமே. அவற்றோடு குடல் நுண்ணுயிர்களும் மாறுகின்றன. குழந்தைப் பருவத்திலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மிகுதியாக உட்கொண்டோரிடத்து இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதும் இதனோடு இயைவதே.

நம் முன்னோர் காலையில் உண்ட பழஞ்சோறும், மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிரும் இவ்விடத்து நினைவுக்கு வரும். ஆறிய சோற்றிலே எளிதிற் சமிக்காத மாப்பொருள் சற்று மிகும். அது பெருங்குடலை அடைந்து நுண்ணுயிர்க்கு உணவாகும். இத்தகைய மாப்பொருளை உப்புக்கரைசலோடு கொடுத்தால் வாந்திபேதியாளரின் வயிற்றோட்டம் விரைவில் தணிவதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 2000 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். 2020களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாரும் பழஞ்சோறு குடல்நோயாளர்க்கு உதவுமா என ஆராயப் புகுந்தனர். ஆயினும் பழஞ்சோற்றை இந்நோய்க்கு மருந்தெனக் கொண்டு வைத்தியரின் மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு. நோய் மூண்டிருக்கும் வேளையில் நார்ப்பொருள் மிக்க உணவு சிலர்க்குத் தீங்கும் செய்யலாம்.

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? வயிற்றோட்டம் நான்கு வாரத்திற்கு மேல் நீடித்தாலும், மலத்தோடு இரத்தம் அடிக்கடி போனாலும், இரவில் உறக்கத்தைக் கலைத்து மலம் கழிக்க நேர்ந்தாலும், உடல் மெலிந்தாலும், மீண்டும் மீண்டும் கடையில் மருந்து வாங்கி விழுங்காது வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். நம் நாட்டில் அமீபா வயிற்றுளைவும் குடற் கசநோயும் இவ்வாறே தோன்றக்கூடும். அவற்றைப் பிரித்தறிய மலப் பரிசோதனையும், உள்நோக்குக் கருவியாற் குடலைப் பார்வையிட்டு இழையத் துணுக்கெடுத்துச் சோதித்தலும் துணைபுரியும். முற்றாக நீக்கும் மருந்து இல்லையெனினும், அழற்சியை அடக்கி வைக்கும் மருந்துகள் பல இன்று உள.

இவற்றினும் முந்தியது நாணத்தை நீக்குதல். அம்மாணவன் ஈராண்டு துன்புற்றதற்கு நோய் மட்டும் காரணமன்று. வீட்டாரிடத்தும் இரத்தம் போவதைச் சொல்ல அவன் வெட்கியதும், நான் கடிந்ததும் காரணங்களே. முறையான சிகிச்சை பெற்றபின் மறுமுறை பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியெய்தினான். அதன்பின் என் வகுப்பில் வாயிலை அடுத்த இருக்கையை விரும்பும் மாணவனிடம் நான் முதலிற் காரணம் கேட்பதில்லை. வெளியே செல்ல எழுந்தால் போகவிடுகின்றேன். பின்னர்த் தனியே அழைத்து, உடல்நலம் எப்படி என்று விசாரிக்கின்றேன்.